ஒரு வீடு, ஒரு புத்தகம், ஒரு சமையல்: பினாங்கு அடுக்குமாடி ஒன்றின் ஞாயிறு சந்திப்பு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

பினாங்குத் தீவில் ஜெலுத்தோங் பக்கம் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் குறைவு. பெரியவர்களில் பலர் கெடா, செபராங் பிறை ரப்பர்த் தோட்டங்களில் பிறந்தவர்கள். தோட்டம் கைமாறி லயன் வீடுகள் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள்) போன பிறகு தீவுக்கு வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கிறார்கள். பேரப்பிள்ளைகளில் சிலர் தமிழ்ப்பள்ளியிலும் சிலர் தேசியப் பள்ளியிலும் இரண்டு மூன்று பேர் சீனப்பள்ளியிலும் படிக்கிறார்கள்.

கீழ்த்தளத்தில் ஒரு பொது மண்டபம் உண்டு. பணி ஓய்வு பெற்ற ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஞாயிறு மாலைகளில் அங்கே வாரம் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச விரும்பினார். புத்தகத்துக்காக மட்டும் யாரும் வரமாட்டார்கள் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்னார்கள். அதனால் வீட்டுச் சமையலும் பொழுதுபோக்கும் சேர்க்கப்பட்டன. முதலில் புத்தகம், அப்புறம் ஒரு குடும்பத்துச் செய்முறை, கடைசியில் யாராவது ஒருவரின் கைவேலையோ சேகரிப்போ. இதுதான் தொடக்க ஏற்பாடு.

சந்திப்பின் குறிப்பேட்டை எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கீழே உள்ளவை அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதியவை. சம்பந்தப்பட்டவர்களின் பெயரும் அடையாளமும் விடப்பட்டுள்ளன.

முதல் மாதங்களில் கண்டது

கூட்டம் குறையவில்லை. ஆனால் ஆட்கள் வந்த நேரத்தைப் பார்த்தாலே விஷயம் புரிந்தது. புத்தகப் பகுதி முடியும் தறுவாயில்தான் மண்டபம் நிறையும். ஆசிரியை பேசி முடித்ததும் மரியாதைக்குக் கை தட்டுவார்கள். மேசையில் வைத்த புத்தகத்தை எடுத்து அட்டையைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் மிகக் குறைவு.

சோம்பல் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணங்கள் பல இருந்தன.

முதலாவது, ஆசிரியை புத்தகத்தை அறிமுகப்படுத்திய முறை. ஆசிரியர் பிறந்த ஊர், வாங்கிய பரிசுகள், கதைச் சுருக்கம், அதிலிருந்து கற்க வேண்டியது என்று வகுப்பறை ஒழுங்கில் சொல்வார். ரொம்ப நன்றாகவே சொல்வார். கேட்டு முடித்தால் முழுக் கதையும் தெரிந்துவிடும். அதன் பிறகு படிக்க என்ன இருக்கிறது?

இரண்டாவது, படிக்கும் திறன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த பாட்டிமார் நாளிதழைத் தடையில்லாமல் படிப்பார்கள். ஆனால் கண்ணாடி போட்டும் நாவலின் சின்ன எழுத்து தெரியாது. இளையவர்களுக்குக் கண் தெரியும், எழுத்துக் கூட்டத்தான் நேரமாகும். வீட்டில் தமிழ் சரளமாகப் பேசுகிற பதினாறு வயதுப் பெண் ஒரு பக்கத்தைப் படிக்கத் திணறினாள். எல்லார் முன்னாலும் அது தெரிந்துவிடுமோ என்ற கூச்சம் அவளுக்கு இருந்தது. அந்தக் கூச்சம் இல்லாத இளையவர் அங்கே ஒருவர்கூட இல்லை.

மூன்றாவது, பிரதி. எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பிரதிதான். சென்னையிலிருந்து தனியாக வரவழைத்தால் புத்தக விலைக்கு மேல் அஞ்சல் செலவு வந்து நிற்கும்.

சமையல் பகுதிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. பேசுகிறவர் தன் வீட்டைப் பற்றிப் பேசினார். கேட்கிறவர்கள் இடைமறித்தார்கள். “எங்க வீட்டுல அதுக்குச் செராய் (எலுமிச்சைப்புல்) போடமாட்டோம்”, “சந்தானை (தேங்காய்ப்பாலை) கடைசியிலதான் ஊத்தணும்” என்று வாக்குவாதம் நடக்கும். பாட்டி ஒருவர் “ஒரு கை மாவு” என்றால், ஒரு பையன் அந்தக் கையளவைத் தராசில் வைத்து நிறுத்துச் சொல்வான். அந்த நேரத்தில் மண்டபத்தில் இருந்த உயிர்ப்பு புத்தகப் பகுதியில் இல்லை.

பொழுதுபோக்குப் பகுதி இரண்டுக்கும் இடைப்பட்டது. மீன்பிடி, செடி வளர்ப்பு, கேரம், அஞ்சல்தலை. ஆண்களும் பையன்களும் அதற்காகத்தான் வந்தார்கள்.

அச்சு முறுக்குத் தகராறு

தீபாவளிக்கு முன்பு ஒரு ஞாயிறு, எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி தன் அம்மா வழி வந்த அச்சு முறுக்கைச் செய்து காட்டினார். அரிசி மாவு, முட்டை, சீனி, முதல் பிழிவுத் தேங்காய்ப்பால். பொருள்களில் புதுமை இல்லை, பினாங்கில் பல வீடுகளில் செய்வதுதான். அவருடைய தனித்தன்மை கைப்பக்குவத்தில் இருந்தது. அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் நன்றாகச் சூடாக்கிவிட்டு, மாவில் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை மட்டும் முக்க வேண்டும். மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு அச்சைவிட்டுக் கழலாது. அச்சு சூடாக இல்லையென்றால் மாவு அதில் பிடிக்கவே பிடிக்காது. பாட்டி எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார்.

அடுத்த சில நாட்களில் அதே மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அச்சு முறுக்குக்கு ஆர்டர் எடுக்க ஆரம்பித்தார். டப்பாவின் மேல் ‘எங்கள் பரம்பரைக் கைமணம்’ என்று ஒட்டியிருந்தது. தொழிற்சாலை வேலை போன பிறகு வீட்டிலிருந்தே சமைத்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர் அவர். அவர் பக்கத்து நியாயத்தையும் பதிவு செய்ய வேண்டும்: “எல்லார் முன்னாலயும் சொன்னது எல்லாருக்கும் சொந்தந்தானே? நான் யார் வீட்டுப் பூட்டையும் உடைக்கலையே.”

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மகள்தான் கொதித்துப்போனார். “காசு கேட்கலைங்க, அம்மா பேரைச் சொல்லியிருக்கலாமில்ல?” என்பது அவர் கேள்வி. இரண்டு வாரங்களில் அந்தக் குடும்பமும் அவர்களுக்கு நெருக்கமான இன்னொரு குடும்பமும் வருவதை நிறுத்தின. இனி செய்முறை சொல்வதா வேண்டாமா என்று மற்றவர்களும் தயங்கினார்கள். அதற்கடுத்த வாரம் ஒருவர் மீன் குழம்பு செய்து காட்டியபோது மசாலா விகிதத்தை மட்டும் விழுங்கிவிட்டார். சந்திப்பின் உயிர்நாடியாக இருந்த பகுதியே ஆட்டம் கண்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பெரியவர்கள் ஐந்தாறு பேர் தனியாகக் கூடிப் பேசினோம். சந்திப்பை நிறுத்திவிடலாம் என்ற யோசனையும் வந்தது. கடைசியில் எடுத்த முடிவுகளைக் காரணத்தோடு சொல்கிறேன்.

செய்முறை விஷயத்தில் முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தோம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு யோசனையையோ செய்யும் முறையையோ காப்பதில்லை. எழுதி வைத்த வடிவத்தைத்தான் காக்கிறது. ஆகவே அச்சு முறுக்குச் செய்து விற்றதில் சட்டப்படி குற்றம் இல்லை. ஆனாலும் அக்கம்பக்கத்து உறவு சட்டத்தை வைத்து நடப்பதில்லை. எனவே நாங்களே ஒரு வழக்கம் வகுத்தோம். ஒவ்வொரு செய்முறைக்கும் மேலே அது எந்த வீட்டுடையது, யாரிடமிருந்து வந்தது என்று எழுத வேண்டும். வீட்டில் செய்துகொள்ள யாருக்கும் தடையில்லை. விற்பதானால் அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், டப்பாவில் பெயர் போட வேண்டும். காசுப் பங்கு வேண்டுமா என்பதை அந்த இரண்டு வீடுகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும்.

அதே சட்டம் புத்தகத்துக்கும் கைகொடுத்தது. பிரதி இல்லாத குறைக்கு முழு நாவலையும் நகலெடுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதை வேண்டாமென்றோம். பாட்டியின் பெயரைப் போடாததற்கு வருத்தப்பட்டவர்கள் எழுத்தாளனின் உழைப்பை நகலெடுத்து எடுத்துக்கொள்வது சரியாகாது. மலேசியாவில் ஆசிரியர் இறந்து 50 ஆண்டு வரை உரிமை இருக்கிறது. அந்தக் காலம் கடந்த எழுத்தை நகலெடுத்தால் யாருக்கும் அநியாயம் இல்லை. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகள் அப்படிப்பட்டவை. அதனால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன பெண்ணைப் பற்றிய அவருடைய ‘துன்பக்கேணி’யைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம். மற்ற புத்தகங்களுக்கு வீட்டுக்கு மாதம் 10 ரிங்கிட் போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி வாங்குவது என்று முடிவானது.

பெரிய மாற்றம் மூன்றாவது முடிவில்தான். புத்தகம், சமையல், பொழுதுபோக்கு என்று தனித்தனிப் பகுதிகள் வைப்பதை நிறுத்தினோம். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வீட்டுக்கு உரியது. அந்த வீட்டார் தங்களுக்குப் பிடித்த புத்தகத்தையும் தங்கள் வீட்டுச் சமையலையும் கைவேலையையும் தாங்களே கொண்டுவர வேண்டும். புத்தகத்தைப் பற்றி உரை கூடாது. தனக்குப் பிடித்த இரண்டு பக்கத்தைப் பத்து நிமிடத்துக்குள் வாசித்துவிட்டு நிறுத்திவிட வேண்டும். கதையை முடித்துச் சொல்லக் கூடாது. வாசிக்கக் கூச்சப்படுகிற இளையவர்கள் ஒரு பெரியவரோடு முன்னதாகவே உட்கார்ந்து அந்த இரண்டு பக்கத்தைப் பழகிக்கொள்ளலாம். இரண்டு பக்கம் என்றால் யாரும் பழகிவிட முடியும். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த வரம்பை நான் வலியுறுத்தினேன்.

ஆசிரியை இதற்கு உடன்படவில்லை. “புத்தகத்தைச் சோத்துக்குத் தொட்டுக்க வைக்கப் போறீங்க. சமையலுக்குப் பொருந்துற புத்தகம் மட்டுந்தான் இனிமே இந்த மண்டபத்துக்குள்ள வரும்” என்றார். அவர் சொன்னதை அப்படியே குறிப்பேட்டில் எழுதி வைத்தோம். மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவை மறுபடி பேசலாம் என்று அவர் ஒத்துக்கொண்டார்.

மரவள்ளி ஞாயிறு

புதிய ஏற்பாட்டின் முதல் வாரங்கள் சுமாராகத்தான் போயின. திருப்பம் வந்தது ஒரு தாதியின் (செவிலியரின்) வீட்டு முறை வந்த ஞாயிறன்று.

எண்பதைத் தாண்டிய அவருடைய மாமியார் ஜப்பான்காரர் காலத்தில் கைக்குழந்தை. அரிசி கிடைக்காத அந்த 1942–45 ஆண்டுகளில் மரவள்ளிக்கிழங்குதான் தோட்டத்து மக்களைக் காப்பாற்றியது. தன் அம்மா செய்த அவித்த மரவள்ளியையும் நெத்திலிச் சம்பாலையும்தான் அவர் அன்று செய்தார். சம்பாலில் பெலாச்சான் (இறால் விழுது) பின்னாளில்தான் சேர்ந்தது. “அப்ப உப்பும் மிளகாயுங்கூட எல்லா நாளும் கிடைக்காதுன்னு அம்மா சொல்லும்” என்றார். கிழங்கின் தோலை உள்தோலோடு சேர்த்து உரித்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொன்னார். ஏன் கொட்ட வேண்டும் என்று ஒரு பையன் கேட்டான். மருமகள் விளக்கினார்: மரவள்ளியில் சயனைடாக மாறக்கூடிய பொருள் இயற்கையாகவே இருக்கிறது. தோலில் அது அதிகம். திறந்து வேகவைப்பதும் தண்ணீரைக் கொட்டுவதும் அதைக் குறைக்கத்தான். கசக்கிற கிழங்கைச் சாப்பிடவே கூடாது. பசியில் இருந்தவர்கள் இந்த அறிவைக் கைவிடாமல் கடத்தியிருக்கிறார்கள் என்பது அங்கிருந்த எல்லாரையும் ஒரு நிமிடம் நிறுத்தியது.

அதே வீட்டு மகன் அஞ்சல்தலை சேகரிப்பவர். மலாயா அஞ்சல்தலைகள்மேல் ஜப்பானியர் தங்கள் முத்திரையை அடித்து வெளியிட்டவற்றைக் கொண்டுவந்திருந்தார். சிலவற்றில் 2602 என்று இருந்தது. அது ஜப்பானியப் பேரரசுக் கணக்கில் 1942. கூடவே வாழைமரம் அச்சிட்ட பத்து டாலர் நோட்டு ஒன்று. போர் முடிந்ததும் செல்லாக்காசாகிப்போன அந்த நோட்டைப் பாட்டி கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

அப்புறம் பேத்தி வாசித்தாள். படிக்கக் கூச்சப்பட்ட அதே பதினாறு வயதுப் பெண்தான். அவள் எடுத்தது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. 1972இல் வெளிவந்த இந்த நாவல் ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் சுமத்ராவின் மேடான் நகரிலும் பினாங்கிலும் நடக்கிறது. மேடானிலிருந்து பினாங்குக்குக் கடல்வழியே வரும் பகுதியில் புயல் மேலெழும் இடத்தை அவள் தேர்ந்திருந்தாள். இரண்டு இடங்களில் தடுக்கினாள், யாரும் திருத்தவில்லை. இரண்டு பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டாள். “அப்புறம் என்ன ஆச்சு, தோணி கரை சேர்ந்துச்சா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா கேட்டார். அவள் சொல்ல மறுத்துவிட்டாள், விதி அப்படி.

அன்று இரவே இரண்டு பிரதிகளும் மேசையிலிருந்து போய்விட்டன. கடினமான நாவல் அது. தமிழ்நாட்டில் அதை எடுப்பவர்கள் மலாய்ச் சொற்களில் தடுமாறுவார்கள். எங்கள் குடியிருப்புப் பெரியவர்களுக்கு அந்தச் சொற்கள்தான் எளிது. நகரமோ அவர்கள் தினம் பேருந்தில் போகிற நகரம். நல்ல புத்தகத்துக்கு நல்ல வாசகர் எங்கே ஒளிந்திருப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் கண்டதில்லை.

பின்விளைவு

அதற்குப் பிறகு இரவல் போவது வழக்கமானது. ஒரு வீட்டில் மகள் வாசிக்க, அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பதாகச் சொன்னார்கள். பல வீடுகளில் புத்தகம் காதால்தான் நுழைந்தது. அதை வாசிப்பு என்று கணக்கில் எடுக்கலாமா என்ற கேள்வி கூட்டத்தில் வந்தது. என் பதில்: தாராளமாக எடுக்கலாம். நாளிதழை ஒருவர் உரக்கப் படிக்க லயன் வீட்டார் எல்லாரும் கூடிக் கேட்ட வழக்கத்தில் வந்தவர்கள் நாங்கள்.

அச்சு முறுக்கு விற்றவர் பாட்டியின் வீட்டுக்குப் போய்ப் பேசினார். இப்போது டப்பாவில் பாட்டியின் பெயர் இருக்கிறது. பாட்டியின் குடும்பம் திரும்பி வந்துவிட்டது. அவர்களோடு சேர்ந்து விலகிய மற்றக் குடும்பம் வரவில்லை. அவர்களுக்கு முறுக்கைவிடப் பழைய மனத்தாங்கல் ஏதோ இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

செய்முறை ஏட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. முன்பு வெறும் பொருள்பட்டியல். இப்போது எந்தத் தோட்டம், எந்த அடுப்பு, யார் சொன்னது என்று இரண்டு மூன்று வரிகள் சேர்கின்றன. மீன் டின் கறியின் கீழே, சம்பளத்துக்கு முந்தைய வாரம் மட்டும் செய்வது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது அந்தக் குடும்பத்தின் கணக்குப் புத்தகத்தையே பார்த்த மாதிரி இருந்தது.

ஆசிரியை எச்சரித்ததும் நடந்தது. தோட்டம், ஜப்பான் காலம், கப்பல் பயணம், பஞ்சம் என்றே புத்தகங்கள் வந்தன. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’யை அடுத்தடுத்து இரண்டு வீடுகள் கொண்டுவந்தன. கவிதை வரவில்லை, அறிவியல் வரவில்லை. எங்கள் வாழ்க்கையோடு தொடர்பே இல்லாத, அதனாலேயே எங்களை வேறெங்கோ கொண்டுபோயிருக்கக்கூடிய புத்தகம் ஒன்றுகூட மேசைக்கு வரவில்லை. மூன்று மாத முடிவில் அவர் இதைப் பட்டியல் போட்டுக் காட்டினார். மறுக்க யாரிடமும் வார்த்தை இல்லை.

மாற்ற வேண்டியவை

வீட்டு முறை தொடரும். ஆனால் மாதத்தின் கடைசி ஞாயிறு புத்தகத்துக்கு மட்டுமே உரியது என்று ஒதுக்கியிருக்கிறோம். அன்றைக்குத் தேர்வு ஆசிரியையுடையது. கோப்பி மட்டும் உண்டு, பலகாரம் கிடையாது. அவரும் இரண்டு பக்க விதிக்கு ஒத்துக்கொண்டுவிட்டார். முதல் தேர்வு ரெ. கார்த்திகேசுவின் ‘அந்திம காலம்’. பினாங்கிலேயே அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் எழுதியது, 1998இல் வந்தது. புற்றுநோய் வந்த ஒருவரின் மனத்துக்குள் நடப்பதைப் பேசும் நாவல். அதைக் கேட்க எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குக் கவலை இருக்கிறது. தாதியோ, தன்னோடு வேலை செய்கிற இருவரை அழைத்துவரப் போவதாகச் சொல்கிறார்.

இதே மாதிரி ஒன்றைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு என் பரிந்துரை, செய்முறைக்கான பெயர் வழக்கத்தை முதல் நாளிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். சண்டை வந்த பிறகு வகுத்தால் ஒருவரைக் குறிவைத்து எழுதியதாகப்படும். எங்கள் மண்டபத்தில் அப்படித்தான் பட்டது. அப்புறம், பெரிய எழுத்துப் பிரதிகளுக்கு முதல் மாதமே காசு ஒதுக்குங்கள். கண் மங்கியவர்கள் கேட்கக் கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள்.

கடைசி ஞாயிறு ஏற்பாடு தைப்பூசம் முடிந்துதான் தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களில் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பாதையில் தண்ணீர்ப்பந்தல் வேலையில் இருப்பார்கள், மண்டபத்தைத் திறந்தாலும் ஆள் இருக்காது.